கண்டியின் கடல்வாசல்

கண்டி நகரில் இன்று டி. எஸ். சேனாநாயக்க வீதி என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் தெருவை எமக்கு முந்திய தலைமுறையினர் திருகோணமலை வீதி என்றே அழைத்தனர். கொழும்பு வீதி என்றும் ஒன்று உண்டு. தலைநகருக்குப் போகும் வழி என்பதால் அந்தப் பெயர் யாருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால் சுற்றிவர மலைகள் சூழ்ந்த, கடற்காற்றே படாத எமது ஊரில், சுமார் 180 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஒரு துறைமுகத்தின் பெயரில் ஏன் ஒரு பெருந்தெரு? பாடசாலைக் காலத்தில் கண்டி மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசை பிசகாமல் ஒப்புவித்தோம். அந்த மன்னர்களுக்குக் கடல் எங்கே இருந்தது என்று நாம் கேட்டதில்லை.

சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு என்ன செய்யலாம் என்று பேசியபோது, இரண்டு நாள் பயணமாகத் திருகோணமலைக்குப் போய்வருவோம் என்ற யோசனை எழுந்தது. இருபத்துமூன்று பேர் சேர்ந்தோம். மூத்தவர் 1960களின் தொடக்கத்தில் பாடசாலையை விட்டவர். இளையவள் உயர்தரப் பரீட்சை எழுதி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. அக்குறணையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களத் தோழியர் அனைவரும் ஒரே பஸ்ஸில், வகுப்பறையில் இருந்ததுபோலவே கலந்து உட்கார்ந்தோம். அந்தப் பயணத்தில் கண்டதையும், அதை ஒட்டி அறிந்துகொண்டதையும் உலகெங்கும் வாழும் பழைய மாணவியருக்காக இங்கே எழுதுகிறோம்.

வடக்கே இறங்கும் பாதை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலி கங்கையைக் கடந்தால் பாதை வடக்கே திரும்புகிறது. கண்டியை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் இந்த ஆறு 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அதாவது நாமும் ஆறும் ஒரே இடத்துக்குத்தான் புறப்பட்டோம். நாம் ஐந்து மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தோம். ஆறு கிழக்கே மலைகளைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, தேநீர் குடித்தோம். இந்த ஊர் எம்மில் பலருக்கு வெறும் வழித்தங்கல் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடாகக் கால்நடையாகத் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. எம்மில் சிலருடைய பூட்டிமார் நடந்த பாதையில்தான் நாம் குளிரூட்டிய பஸ்ஸில் எதிர்த்திசையாகப் போய்க்கொண்டிருந்தோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இதே மலைநாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறியவர்களில் எமது வகுப்புத் தோழியரும் உண்டு. அவர்களில் யாராவது திருச்சியிலோ நீலகிரியிலோ இருந்து இந்த மலரை வாசிக்கக்கூடும். மலைநாட்டின் கதை எங்கே தொட்டாலும் ஒரு கரையில் போய் முடிகிறது என்பதை மாத்தளையிலேயே உணர்ந்தோம்.

நாலந்தாவில் இறங்கி, பல்லவர் பாணியில் அமைந்த கெடிகேயைப் பார்த்தோம். நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மீண்டும் கட்டப்பட்ட கட்டடம் அது. தம்புள்ளை, ஹபரணை கடந்து கந்தளாய்க்கு வந்ததும் காற்று மாறியது. கந்தளாய்க் குளத்தைக் கோணேசர் கோயிலின் வயல்களுக்காகக் குளக்கோட்டன் கட்டினான் என்பது கீழைக்கரை மக்களின் மரபு. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. அணைக்கட்டின் மேல் நின்று பார்க்கும்போது நீர் அமைதியாகவே இருந்தது.

கோட்டை வாசலும் கோணேசர் மலையும்

திருகோணமலையில் முதலில் நாம் போனது பிரெட்ரிக் கோட்டைக்கு. இன்றும் இராணுவம் தங்கியிருக்கும் கோட்டை. ஆனால் கோயிலுக்குப் போகும் பாதை அதனூடாகவே செல்வதால் எல்லோரும் போய்வரலாம். புள்ளிமான்கள் பயமின்றி வந்து கைப்பைகளை முகர்ந்தன. வாசலில் பதித்துள்ள கல்லில் இரட்டை மீன் சின்னமும், சிதைந்த தமிழ்க் கல்வெட்டின் வரிகளும் தெரிகின்றன. அது ஒரு கோயில் கல்.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினோ த சா 1622க்கும் 1624க்கும் இடையில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே இங்கே கோட்டை கட்டினான். கோயில் இடிக்கப்பட்ட கதை பலருக்குத் தெரியும். அந்தக் கோட்டை யாருக்கு எதிராகக் கட்டப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது கண்டி அரசனுக்கு எதிரானது. அப்போது கண்டியை ஆண்டவன் செனரத். மேற்குக் கரை முழுவதும் போர்த்துக்கேயரிடம் போய்விட்ட நிலையில், கண்டிக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு கிழக்கே திருகோணமலை, கொட்டியாரம், மட்டக்களப்பு ஆகிய துறைகள் வழியாகத்தான்.

அந்தத் துறைகளால் வந்தவர்களைப் பாருங்கள். 1602இல் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, கண்டிக்கு நடந்துவந்து முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். 1620இல் டென்மார்க் நாட்டின் ஓவே கெத்தே திருகோணமலைக்குக் கப்பல்களுடன் வந்து செனரத்தோடு ஒப்பந்தம் பேசினான். அது நிலைக்கவில்லை, டேனியர் சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடியோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தமது பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, அவர்களுக்கு இடமளித்துக் கிழக்குக் கரையில் குடியமர்த்தியவனும் செனரத்தே. எம்முடன் வந்த அக்குறணைத் தோழி இந்த இடத்தில் ஒரு தகவலைச் சேர்த்தார். உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றி, பாக்கையும் மிளகையும் கரைக்கு இறக்கிய பொதிமாட்டு வணிகத்துக்குத் தவளம் என்று பெயர். அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தம் குடும்பத்திலும் தவளம் ஓட்டிய கதை பாட்டி காலம்வரை பேசப்பட்டதாம்.

செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டான். 1639இல் ஒல்லாந்தரும் கண்டிப் படையும் சேர்ந்து திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தனர். ஆனால் வந்த ஒல்லாந்தர் திரும்பிப் போகவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியதுபோல என்று சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு. அது இந்தக் கதையிலிருந்து வந்ததென்று எமது வரலாற்று ஆசிரியை சொன்னது பலருக்கும் நினைவுக்கு வந்தது. ஒல்லாந்தரை விரட்ட இராஜசிங்கன் அடுத்துப் பிரெஞ்சுக்காரரை நாடினான். 1672இல் அவர்களது கப்பற்படை கொட்டியாரக் குடாவுக்கு வந்தது; சில மாதங்களில் ஒல்லாந்தர் அவர்களையும் அகற்றிவிட்டனர். ஆக, யாரோடு கூட்டு வைத்தாலும் கண்டி அரசர்கள் தேடியது ஒன்றையே: தமது கடல்வாசலின் திறப்பு தமது கையில் இருக்கவேண்டும் என்பதை.

கோட்டையைக் கடந்து சுவாமி மலைக்கு ஏறினோம். சுமார் 400 அடி செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறை அது. இராவணன் வெட்டு என்னும் பிளவைக் குனிந்து பார்க்கும்போது மூத்தவர்களின் கையை இளையவர்கள் விடவேயில்லை. கோயில் இடிக்கப்படுமுன் அடியார்கள் மூர்த்தங்களை மண்ணில் புதைத்துக் காத்தார்கள் என்ற மரபு நெடுங்காலம் வழங்கிவந்தது. 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையின் அடியில் மூழ்கிக் கோயிலின் இடிபாடுகளைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. எமது மூத்த தோழி அந்த ஆண்டில் தந்தையாருடன் இங்கே வந்தவர். அன்று மலையில் இவ்வளவு கடைகள் இல்லை என்பதுதான் அவர் சொன்ன ஒரே குறை.

1753இல் வந்த கப்பல்

மாலையில் உள்துறைமுகக் கரையோரம் நடந்தோம். மலைகளுக்குள் கடல் புகுந்து வளைந்து கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று புத்தகத்தில் படித்தபோது அது விளங்கவில்லை. இங்கே கடல் எமது கண்டி ஏரியைப் போல அசையாமல் இருந்தது. புயற்காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லாத கப்பல்களுக்கு இந்தத் துறை எவ்வளவு பெரிய வரம் என்பது அப்போதுதான் புரிந்தது. வங்காள விரிகுடாவில் ஆதிக்கம் வேண்டிய ஒவ்வொரு நாடும் இதற்காகப் போரிட்டதன் காரணமும் அதுவே.

ஆனால் இந்தத் துறைக்கு வந்த கப்பல்களில் போர்க்கப்பலல்லாத ஒன்றே கண்டியை அதிகம் மாற்றியது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் முறைப்படி உபசம்பதா பெற்ற பிக்குமார் இல்லாமற் போயிருந்தனர். வெலிவிட்ட சரணங்கரரின் தூண்டுதலால், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் சீயம் நாட்டுக்குத் தூதுக்குழு அனுப்பினான். கண்டியிலிருந்து புறப்பட்ட தூதர்கள் திருகோணமலைக்கு வந்து, 1750இல் ஒல்லாந்தக் கப்பலில் ஏறினார்கள். பல இடர்களின் பின், உபாலி தேரரும் உடன் வந்த பிக்குமாரும் 1753இல் இதே திருகோணமலையில் வந்திறங்கினார்கள். அவ்வாண்டு எசல முழுமதியன்று கண்டி மல்வத்தையில் உபசம்பதா மீண்டும் தொடங்கியது. சீயம் நிக்காய என்ற பெயரே அந்தக் கடற்பயணத்தின் நினைவு. எசல பெரஹராவில் தந்ததாது முதன்மை பெற்று ஊர்வலம் வருவதும் உபாலி தேரர் காலத்து மாற்றமே என்பர்.

இதை ஒருமுறை நின்று எண்ணிப் பார்த்தோம். மன்னனோ மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழியினன். கப்பலோ கிறிஸ்தவரான ஒல்லாந்தருடையது. இறங்கிய ஊர் கோணேசர் குடியிருக்கும் ஊர். வந்தவர்கள் அயோத்தியா நகரத்துப் பிக்குகள். இத்தனை கைகள் மாறி வந்ததுதான் இன்று கண்டியின் உயிர் என்று நாம் கருதும் மரபு. மலைகளுக்குள் மறைந்திருந்ததால் மாறாமல் நின்ற இராச்சியம் என்று கண்டியைச் சொல்வது வழக்கம். திருகோணமலைக் கரையில் நின்று பார்த்தால் அந்தப் பேச்சு அரைவாசியே உண்மை. எம்முடன் வந்த சிங்களத் தோழி ஒருவர், ஆண்டுதோறும் பெரஹரா பார்த்தும் இதை எண்ணியதில்லை என்று சொல்லிக் கடலை நோக்கிக் கைகூப்பினார்.

வாசல் போனது, வீடு போனது

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டியைத் தாக்கி அரண்மனையைச் சூறையாடினான். அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட பொன், வெள்ளி வேலைப்பாடுள்ள பீரங்கி, இரண்டரை நூற்றாண்டுகளின் பின் 2023இல்தான் ஒல்லாந்திலிருந்து இலங்கைக்குத் திரும்பி வந்தது. ஒல்லாந்தரால் கண்டியில் தங்கியிருக்க முடியவில்லை. ஆனால் 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தீவைச் சுற்றிய கரை முழுவதும் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. கண்டி அரசனின் குடிகள் உப்பெடுப்பதும் ஓர் உடன்படிக்கையின் வாசகமாகிவிட்டது. அன்று முதல் கண்டிக்குச் சொந்தமாக ஒரு துறைகூட இல்லை.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கண்டியின் வீழ்ச்சி இந்த வாசல் வழியாகவே வந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்து, இங்கிருந்து ஹியூ பொயிட் என்பவரைக் கண்டிக்குத் தூது அனுப்பினர். அவர் திரும்பியபின் ஒகஸ்ட் மாதத்திலேயே பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் துறைமுகத்தைக் கைப்பற்றினான். பின்னர் அது மறுபடி ஒல்லாந்தரிடம் போயிற்று. 1795 ஒகஸ்டில் ஆங்கிலேயர் இதை நிரந்தரமாக எடுத்துக்கொண்டனர். 1803இல் கண்டிமீது படையெடுத்தபோது ஒரு படை கொழும்பிலிருந்தும் மற்றது திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டது. நகரைப் பிடித்தார்கள், பொம்மை அரசனாக முத்துசாமியை அமர்த்தினார்கள், நோயிலும் முற்றுகையிலும் சிக்கினார்கள். யூன் மாதத்தில் சரணடைந்த மேஜர் டேவியின் படையினர் திருகோணமலைக்குத் திரும்பவே கண்டியை விட்டுப் புறப்பட்டனர். பெருகியோடிய மகாவலியைக் கடக்க முடியாமல் வட்டப்புலுவையில் நின்றபோது முத்துசாமி பிடிபட்டான், படையினர் கொல்லப்பட்டனர். எமது வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள இடம் அது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1816இல் கொழும்பில் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தான். தன் சொந்தத் துறையால் ஒருமுறையேனும் கடலைக் காணாத அரசன், கைதியாகக் கடல் கடந்தான்.

அதன்பின் கண்டியின் முகமே திரும்பிவிட்டது. 1820களில் கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கொழும்பு வீதி வெட்டப்பட்டது. 1867இல் புகையிரதம் வந்தது. கோப்பியும் தேயிலையும் மேற்கே போயின. திருகோணமலை மலைநாட்டாருக்குத் தூரத்து ஊராயிற்று.

கல்லறைகள் சொல்வன

இரண்டாம் நாள் காலையில் கடற்கரைத் திடல் அருகேயுள்ள பழைய கிறிஸ்தவ மயானத்துக்குப் போனோம். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பர்மாப் போரின்போது 1852இல் அங்கே இறந்தவர். உயர்தரத்தில் அவரது அக்காவின் நாவல்களோடு மல்லுக்கட்டியவர்கள் அமைதியாக நின்று கல்லைத் தடவிப் பார்த்தார்கள்.

நிலாவெளி வீதியில் உள்ள இரண்டாம் உலகப் போர் மயானம் எமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை; இதேபோல வெண்கற்கள் வரிசையிட்ட மயானம் ஒன்று கண்டியிலும் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின்மேல் வீழ்ந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்கு, பேராதனைப் பூங்காவுக்கு, மாற்றினார். போர் வந்ததும் மலையும் துறையும் மறுபடி ஒரே கணக்கில் சேர்ந்தன. 1957இல் துறைமுகம் இலங்கைக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

எம் காலத்தில் அடைபட்ட பாதை

1983க்கு முன் எமது விடுதியில் திருகோணமலை, மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் பலர் தங்கிப் படித்தார்கள். தவணை விடுமுறை முடிந்து வரும்போது அவர்கள் பெட்டியில் கருவாடு இருக்கும். விடுதி முழுவதும் மணக்கும், ஏச்சு விழும், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கருவாட்டுக்காகக் காத்திராதவர் இல்லை. அந்த ஆண்டு யூலைக்குப் பின் அவர்கள் வரவில்லை. கட்டில்கள் சில மாதம் காலியாக இருந்தன. பிறகு வேறு பிள்ளைகள் வந்தார்கள். பாதையில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. பலருக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திருகோணமலை செய்தித்தாளில் மட்டுமே இருந்த ஊர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் அடித்தது. 2006இல் போர் மூதூர் மக்களை மீண்டும் இடம்பெயர்த்தது. இதை இங்கே எழுதுவது பழைய புண்ணைக் கிளற அல்ல. வாசல் அடைபட்டால் வீடு என்னவாகும் என்பதற்கு 1766ஐ மட்டும் பார்க்கவேண்டியதில்லை, அதை நாமே எமது வகுப்பறையில் பார்த்தோம் என்பதற்காகவே சொல்கிறோம்.

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த தோழி அந்த விடுதிப் பிள்ளைகளில் ஒருவர். பயணம் முழுவதும் அதிகம் பேசாமல் இருந்தார். கிண்ணியாவுக்குப் போகும்போதுதான் அவர் வாய் திறந்தது. முன்னர் பாதை என்னும் மிதவையில் வாகனங்களை ஏற்றித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். 2009இல் திறந்த நீண்ட பாலத்தில் நாம் சில நிமிடங்களில் போய்விட்டோம். "உங்களுக்கு விளங்காது. இந்த இடத்தில மணிக்கணக்காக் காத்து நிண்டிருக்கிறம்," என்றார். பிறகு மூதூர்வரை ஒவ்வொரு ஊரையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார்.

ஆறு சேரும் இடம்

மூதூருக்கு நாம் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, றொபேட் நொக்ஸ். 1659இன் இறுதியில் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660 ஏப்ரலில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவர் மகன் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோயினர். தந்தை ஓராண்டுக்குள் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்தான்; தொப்பி பின்னி விற்றான், நெல்லைக் கடன் கொடுத்தான், கண்டிக்கு அருகே எலதெத்தையில் வீடும் தோட்டமும் வைத்திருந்தான். 1679இல் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்து, 1681இல் லண்டனில் வெளியிட்ட நூல்தான் அக்காலக் கண்டி மக்களின் உணவு, உடை, உழவு, வழக்குகள் பற்றி எமக்குக் கிடைத்துள்ள விரிவான சித்திரம். அவன் பிடிபட்ட மரத்தடி என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

இரண்டாவது காரணம் மகாவலி. கங்கைப் பாலத்தருகே பஸ்ஸை நிறுத்தி இறங்கினோம். ஆறு அகன்று, மண்ணிறமாகி, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கட்டுகஸ்தோட்டையில் யானைகள் குளிப்பதைப் பார்த்து வளர்ந்த எமக்கு அது அதே ஆறு என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது. தூண்டிலோடு நின்ற முதியவர், எங்கேயிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். கண்டி என்றோம். "அப்ப ஆத்துத் தண்ணியோட வந்திருக்கீங்க பிள்ளையள்," என்று சிரித்தார். அணைகளும் கால்வாய்களும் வழியெல்லாம் எடுத்துக்கொண்டது போக மீதியே இங்கே வருகிறது என்றும், மேலே நல்ல மழையா என்றும் கேட்டார். மலையில் பெய்யும் மழைதான் கரையிலுள்ளவரின் வயலும் மீனும். அவருக்கு இது பாடம் அல்ல, அன்றாடம்.

திரும்பும்போது ரொறன்ரோத் தோழி மூதூர்ச் சந்தையில் கருவாடு வாங்கினார். அவரைப் பார்த்து எல்லோரும் வாங்கினோம். தவளத்து மாடுகள் சுமந்த அதே சரக்கோடு பஸ் மாத்தளை ஏற்றத்தில் ஏறியது. சாரதி கண்ணாடியைத் திறந்துவிட்டார். யாரும் குறை சொல்லவில்லை.

நூற்றாண்டு நிகழ்வுகளுக்காகக் கண்டிக்கு வரவிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு நாட்களை மிச்சம் வையுங்கள். காலை ஆறு மணிக்கு முன் புறப்பட்டால் நண்பகலுக்குள் கோணேசர் மலையில் நிற்கலாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒஸ்ரன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். இன்னொன்று: 1983க்குப் பின் எமது இடாப்பிலிருந்து மறைந்துபோன கிழக்குக் கரைத் தோழியரின் பெயர்களைச் சங்கம் இப்போது தொகுத்து வருகிறது. உங்கள் நினைவில் இருக்கும் பெயர்களை, ஊரும் ஆண்டும் குறிப்பிட்டு, செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். இப்போது எம்மிடம் பதினொரு பெயர்கள் இருக்கின்றன.